கரைப்பாடு

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. பழவேற்காட்டில் எந்தத் திசையில் பார்த்தாலும் தண்ணீர், மணல், இரண்டிலும் சேராத சேறு. உயரம் என்றால் கலங்கரை விளக்கம். அதை விட்டால் எங்கள் குப்பத்துக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கிற கரை. அப்படிப்பட்ட ஊரில், செங்குத்தான சரிவில் புல் வெட்ட எந்த மிஷின் ஆளைக் கொல்லாது என்று ஆவணியில் தேட ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் அலைந்தேன். இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது.

வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த மழைக்கு அடுத்த கோடையில் பொக்லைன் வந்து மண்ணை வாரிப் போட்டுக் கரையை உயர்த்தினார்கள். உயரம் கூடியது, அகலம் கூடவில்லை. முன்பு பிள்ளைகள் ஓடி ஏறிய கரை இப்போது கையை ஊன்றி ஏறுகிற கரை ஆகிவிட்டது. அதில் மனிதர் யாரும் எதையும் நடவில்லை. கோரையும் நாணலும் தானாக வந்து இடுப்பு உயரம் நின்றன. புல் நின்றால் பாம்பு நிற்கும். அதைவிட மோசம், நண்டு வளையும் எலி வளையும் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழைக்கு முன் அந்த வளைகளைப் பார்த்து மண் இட்டு அடைக்காவிட்டால், ஏரி நிறையும்போது தண்ணீர் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும்.

கொளுத்திப் பார்த்தோம். ஒரு பங்குனியில் தீ காற்றோடு போய், காயப்போட்டிருந்த வலைகளைத் தின்றுவிட்டது. அதோடு தீ வைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு. பிறகு ஆடு விட்டார்கள். ஆடுகள் அருகம்புல்லைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கோரையை முகர்ந்து பார்த்து விலகின. மிஞ்சியது அரிவாள்.

என் மனைவியின் தம்பி போன வருஷம் அந்த அரிவாளோடுதான் சறுக்கினான். கால் கீழே போக, கை மேலே நிற்க, அரிவாள் அவன் கெண்டைக்காலில் இறங்கியது. பொன்னேரியில் தையல் போட்டார்கள். தை பிறக்கும்வரை அவன் படகில் ஏறவில்லை. படகில் ஏறாதவனுக்கு எங்கள் ஊரில் வேறு வேலை இல்லை. தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் என் மனைவி. இன்னும் கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அந்தத் தையலை அவள் தினமும் விளக்கெண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்ன வீட்டார் வலை கட்டலாம் என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். வந்த பாட்டை மாற்றிக் கேட்கக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. மீன் உள்ள இடம் ஒருவனுக்கே போகாமல் இருக்க எங்கள் முன்னோர் கண்ட வழி. கரை உயர்ந்தபின் புல் வெட்டுவதையும் அதே முறையில் ஆக்கினார்கள். அதற்குக் கரைப்பாடு என்று பெயர் வந்தது. பாடு என்றால் அகராதியில் முறை என்றும் இருக்கிறது, துன்பம் என்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சீட்டு.

அந்த ஆவணியில் எங்கள் வீட்டுக்கு விழுந்தது வளைவு. கரை ஏரிப்பக்கம் திரும்புகிற இடம். மொத்தக் கரையிலும் செங்குத்து அதுதான், கீழே கருங்கல் கொட்டியிருப்பதும் அங்கேதான். சீட்டைப் பிரித்துப் பார்த்த மைத்துனன் சிரித்தான்.

"மாமா, ஏரில எனக்கு இந்த மாதிரி ஒரு எடம் வுழுந்திருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டிருப்பேன்."

என் மனைவி சிரிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று ஊர்த் தலைவரைப் பார்த்துக் கேட்டாள். "போன வருசம் எந்தம்பி கால அறுத்துக்கினான். இந்த வருசம் இன்னாத்த அறுத்துக்கணும்னு சொல்லிடுங்க, இப்பவே துணி எடுத்து வெக்கறேன்."

தலைவர் நல்ல மனிதர். ஆனால் வெற்றிலை வாயில் இருக்கும்போது முடிவு எடுக்க மாட்டார். துப்பிவிட்டு வந்து, ஊர்ப் பொதுவில் ஒரு மிஷின் வாங்கலாம் என்றார். எந்த மிஷின் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வலைக்குப் போனவன் அல்ல; பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று சென்னைக்குப் போய் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பு எழுதி ஓய்வு பெற்றவன். புத்தகம் படிக்கிறவன் என்று பெயர். "வாத்தியார் மாதிரி கண்ணாடி போட்டுகினு கீறாரே, அவரு பாக்கட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், வேலை என் தலையில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். "இந்தாயா, நல்ல மிஷினு, கெட்ட மிஷினு எனக்குத் தெரியாது. அவங்கால் ரெண்டும் அப்படியே கீற மாதிரி மிஷினா பாரு."

முதலில் சரிவை அளந்தேன். நீண்ட பலகை ஒன்றைச் சரிவில் படுக்க வைத்து, வலையில் கட்டுகிற ஈயக்குண்டை நூலில் தொங்கவிட்டு, பழைய ஜியாமெட்ரி பாக்ஸின் கோணமானியைப் பிடித்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இருபத்தைந்தை ஒட்டி வந்தது. வளைவில் முப்பதைத் தாண்டி, முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. காற்றில் குண்டு ஆடியதால் மூன்று தடவை பார்த்தேன். குறையவில்லை.

பிறகு செல்போனில் பார்த்தேன். எந்தெந்த தேசத்து மலைகளிலோ புல் வெட்டுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டுவது, பின்னால் நடந்து தள்ளுவது, காற்றில் மிதப்பது. ஒன்று ராணுவ டாங்கி போலச் சங்கிலிப் பட்டையில் தானே ஏறியது. ஆள் தூரத்தில் நின்று ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தான்.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "இது சூப்பர் மாமா. ஆனா ரிமோட்ட யாரு வெச்சிக்கறது? டீவி ரிமோட்டே எங்கக்கா நமக்குக் குடுக்க மாட்டா."

அதன் விலையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன்.

அனுப்பம்பட்டுப் பக்கத்தில் சென்னைக்காரர் ஒருவரின் தோட்ட வீடு இருக்கிறது. அங்கே தோட்டம் பார்ப்பவர் எனக்கு ரயில் சிநேகம். நான்கு சக்கரம் வைத்துத் தள்ளுகிற மிஷின் ஒன்று அவரிடம் இருந்தது. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு நாளைக்குக் கொடுத்தார். அதன் மூடியில் ஒட்டியிருந்த தாளில், சாய்ந்த கோடு ஒன்றின் மேல் மிஷின் படமும், பதினைந்து டிகிரிக்கு மேல் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தன. நான் படித்துக் காட்டினேன்.

"அது கயிறு இல்லாதவனுக்கு மாமா" என்றான் மைத்துனன்.

எங்கள் ஊர்க்காரர்கள் கயிற்றை நம்புவதுபோல் சாமியையும் நம்ப மாட்டார்கள். அலையில், காற்றில், புயலில் படகைப் பிடித்து நிறுத்துவது கயிறு. கரை உச்சியில் முளை அடித்து, படகுக் கயிற்றை அதில் கட்டி, மறு நுனியை மிஷினில் கட்டினால் அது எங்கே போய்விடும்? அவனுடைய கணக்கு அது. பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து பேரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. முளைக்குப் பக்கத்தில் நின்று கயிறு சிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

புரட்டாசி முதல் வாரம், காலை. வளைவைத் தொடவில்லை, சரிவு குறைந்த இடத்தில்தான் பரீட்சை. அவன் மிஷினைக் கரையோடு குறுக்காகத் தள்ளிக்கொண்டு போனான். வெட்டிய கோரையின் பச்சை வாசம் வந்தது. "போவுது பார், போவுது பார்" என்று ஒருவர் கை தட்டினார். முளையை விட்டு விலக விலகக் கயிறு விறைத்தது. விறைத்ததும் மிஷினின் மூக்கு மேல்பக்கம் இழுபட்டது. சக்கரம் புல்லில் வழுக்கியது. அடுத்து நடந்ததை நான் ஒரு முழு மூச்சு விடுவதற்குள் பார்த்து முடித்தேன். கயிற்றில் கட்டிய குண்டு ஊசலாடி முளைக்கு நேர் கீழே வருமே, அதே மாதிரி மிஷின் வந்த வழியே திரும்பி வந்தது. நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

தண்ணீரில் படகு கயிற்றில் திரும்பினால் நிதானமாகத் திரும்பும், ஆள் ஒதுங்கிக்கொள்ளலாம். மண் அந்த அவகாசத்தைத் தரவில்லை. அவன் மேல்பக்கமாக எகிறி விழுந்தான். மிஷின் ஒரு புரண்டு புரண்டு, வயிறு வானத்தைப் பார்க்க, நின்றது. வயிற்றில் பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அது சுற்றக் கூடாது. கைப்பிடியில் ஒரு கம்பி உண்டு. அதை விட்டுவிட்டால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும். போய்ப் பார்த்தபோது, அந்தக் கம்பியை அவன் வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தான். படகில் எஞ்சினைத் திருகிக் கட்டி வைத்துவிட்டு வலையைப் பார்க்கப் போகிற கை அது. விட்டால் நின்றுவிடுகிற மிஷினை அந்தக் கைக்குப் பிடிக்கவில்லை. தோட்டக்காரர் எஞ்சினை நிறுத்துவது எப்படி என்று காட்டியிருந்ததால் நிறுத்தினேன்.

அக்கா வற்புறுத்தியதால் அவன் ரப்பர் செருப்பு போட்டிருந்தான். ஒன்று காலில் இருந்தது. இன்னொன்றின் முன்பாதியைக் காணோம். அவன் புல்லில் உட்கார்ந்து கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தன. கை தட்டியவர் எப்போது போனார் என்று தெரியவில்லை.

அந்தச் செருப்பை ஏரியில் எறிந்துவிடலாம் என்றான். ஆனால் அதற்குள் சங்கதி வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி வந்து பாதிச் செருப்பைக் கையில் வாங்கினாள். திட்டுவாள் என்று இருவரும் நின்றோம். திட்டவில்லை. அதைக் கொண்டுபோய் வாசலில், அவன் செருப்பு விடுகிற இடத்தில், முழுச் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. நானும் அவனும் அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தோம்.

பிறகு பொன்னேரிக்குப் போனோம். விவசாயக் கருவிக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சரிவா? ஏலகிரி பக்கமா சார்?" என்றார்.

"பழவேற்காடு."

"அங்க ஏது சார் மலை?"

"மலை இல்ல, கரை" என்றேன். "முப்பத்தைந்து டிகிரி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சக்கரம் வைத்த எதையும் காட்டவில்லை. அதற்காகவே அவரிடம் நம்பிக்கை வந்தது. தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டரை எடுத்து வைத்தார். நீண்ட குழாய், நுனியில் சுற்றுகிற தலை. தலையில் இரும்பு பிளேடும் மாட்டலாம், நைலான் நரம்பும் மாட்டலாம். பிளேடு முள்செடியையும் அறுக்கும் என்றார். நான் நரம்பு என்றேன். முள்செடி நின்றால் நிற்கட்டும். நரம்பு காலில் பட்டால் தோல் கிழியும், பிளேடு பட்டால் கால் போகும். விசையை விட்டால் தலை நிற்கிறதா என்று கடை வாசலிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தோள் பட்டையை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா என்று மைத்துனனைக் கழற்றச் சொன்னேன். மறுபடியும் கழற்றச் சொன்னேன்.

"மாமா, பொண்ணு பாக்க வந்தா கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்றான். பிறகு நைலான் நரம்புச் சுருளைக் கையில் உருட்டிப் பார்த்து, "இதுக்குப் போயி காசா? தங்கூசி நம்ம வூட்ல மூட்டையா கீது" என்றான். தங்கூசி என்பது தூண்டிலுக்கும் வலைக்கும் ஆகிற நரம்பு. பார்வைக்கு ஒன்று போலத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அதை மாட்டிப் பார்த்தான். இரண்டு கோரைத் தூரைத் தொட்டதும் பொடிந்து போனது. சுருள் வாங்க நான் மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன்.

காலுக்கு என்ன போடுவது என்பது அடுத்த சண்டை. அவன் வெறுங்காலில் நிற்பேன் என்றான். சேற்றில் விரலை ஊன்றி நிற்கிற கால் அது. செருப்பைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் சுற்றுகிற நரம்புக்கு அது தெரியாது. ஐஸ் கம்பெனியில் போடுகிற ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தேன். அது முழங்கால்வரை காத்தது, ஆனால் அடி மொழுக்கென்று இருந்தது. கடைசியில் என் மனைவிதான் தேங்காய்நார்க் கயிற்றை பூட்ஸின் பாதத்தில் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "விசையக் கட்ட மாட்டேன்னு எந்தலைல அடிச்சி சொல்லு" என்றாள். அவன் அடித்துச் சொன்னான்.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை வளைவில் இறங்கினோம். இறங்கினோம் என்று எழுதுகிறேனே தவிர, இறங்கவில்லை. நான் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன்: உச்சியில் நடந்துகொண்டு கீழ்நோக்கி எட்டுகிற வரைக்கும் ஒரு வெட்டு, கீழே கல்லுக்கு மேல் சமமாக உள்ள இடத்தில் நடந்துகொண்டு மேல்நோக்கி எட்டுகிற வரைக்கும் ஒரு வெட்டு. சரிவில் கால் வைப்பது கிடையாது. கடைக்காரர் மிஷினோடு கொடுத்த முகமூடியை மாட்டிக்கொண்டு அவன் நின்றபோது, "இன்னாடா, ராக்கெட்டு ஏறப் போறியா?" என்று கேட்டார்கள். பாதியில் ஒருமுறை எஞ்சின் முக்கி நின்றது. புல்லுக்குள் யாரோ எப்போதோ விட்டுப்போன வலை, தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அறுத்து எடுக்க வெகுநேரம் ஆனது. அதில் காய்ந்த நண்டு ஓடு ஒன்றும் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தோம். அவனைவிட நான் அதிகமாக உட்கார்ந்தேன்.

முடிந்தபோது மேலே சிரைத்தாற்போல் ஆகிவிட்டது, கீழேயும் அப்படியே. நடுவில் மட்டும் ஆள் அகலத்துக்கு ஒரு பட்டை புல், வளைவு நெடுக அப்படியே நின்றது. குழாய் எட்டாத இடம்.

சாயங்காலம் தலைவர் பார்க்க வந்தார். கூடவே கூட்டம்.

"இன்னாப்பா இது, கரைக்கு அர்ணாக்கயிறு கட்டி வுட்ட மாதிரி?" என்றார். கூட்டம் சிரித்தது. "பாடுன்னா முழுசாத்தான். பாதி வலை கட்டிட்டு வருவியா? நடுவுல ஒரு நடை இறங்கிட்டு வந்துடு, முடிஞ்சிடும்."

மைத்துனன் முகமூடியை எடுத்தான். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பாட்டைப் பாதியில் விட்டவன் என்ற பேச்சை எங்கள் ஊரில் எவனும் தாங்க மாட்டான். அவன் பட்டையைத் தோளில் போடுவதற்குள் என் மனைவி வந்து மிஷினின் குழாய் மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, எழுந்திரு."

"நீ குந்து."

"ஊரே பாக்குது, எழுந்திரு."

"பாக்கட்டும். போன வருசம் ஆஸ்பத்திரில இந்த ஊரு வந்து பாத்துச்சா?" தலைவரிடம் திரும்பினாள். "சித்தப்பா, ஒரே ஒரு நடை. நீங்க போயிட்டு வாங்க. மிஷினு வாணாம், சும்மா போயிட்டு வாங்க. வந்துட்டீங்கன்னா எந்தம்பிய நானே எறக்கி வுடறேன்."

அவர் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் போகாமலும் இருக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்டிய இடத்தில் இரண்டு எட்டு வைத்தார். வெட்டுப்பட்ட கோரைத்தாள் எண்ணெய் போல வழுக்கும். மூன்றாவது எட்டை அவருக்குப் பதில் அவருடைய பின்புறம் வைத்தது. நேராக நடுப்பட்டைப் புல்லில் போய் உட்கார்ந்தார். அது பிடித்துக்கொண்டதால் கல்லுக்குப் போகவில்லை. முதலில் யாரும் சிரிக்கவில்லை. அவரே, "இன்னாத்துக்கு மூஞ்சிய அப்படி வெச்சிகினு கீறீங்க, கையக் குடுங்கடா" என்றபின்தான் சிரித்தார்கள்.

கயிறு போட்டு அவரை மேலே இழுத்தோம். அதற்கு மட்டும் கயிறு சரியாக வேலை செய்தது.

மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "சரி. எட்டின வரைக்கும் பாடு. எட்டாதது கெடக்கட்டும்." நடுப்பட்டையில் உள்ள வளைகளை மழைக்கு முன் கோலால் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. என் மனைவி எழுந்து சேலையைத் தட்டினாள். அன்று இரவு வாசலில் பாதிச் செருப்பு இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மற்ற வீட்டார் தங்கள் கரைப்பாட்டுக்கு மிஷினைக் கேட்டு வந்தார்கள். எடுத்துப் போனவர்கள் சிறிது நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து, "எங்கைக்கு அது வரல, உன் மச்சானையே அனுப்பு" என்றார்கள். ஒரு வீட்டுக்குப் போனான். இரண்டாவது வீட்டுக்குப் போனான். மழை வருவதற்குள் ஊர்க் கரை முழுக்க அவனே வெட்டினான். சீட்டு யார் பெயருக்கு விழுந்தாலும் பட்டை அவன் தோளுக்குத்தான் வந்தது. ஒரு வளைவுக்குப் பயந்து மிஷின் தேடப் போய், மொத்தக் கரையையும் அவன் கால்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. எனக்கும்தான்.

ஆனால் எந்த வீட்டுப் பாட்டிலும் அவன் சரிவில் கால் வைக்கவில்லை. மேலே ஒரு நடை, கீழே ஒரு நடை, அவ்வளவே. யாராவது வற்புறுத்தினால், "தலைவரு குந்தின எடம், நான் மிதிக்க மாட்டேன்" என்பான். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். இப்போது படகில் போய்த் திரும்பிப் பார்த்தால் கரை நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், இடுப்பில் அந்தப் பச்சைக் கயிறு ஓடுகிறது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஏரியில் அவனுடைய பாடு வந்த அன்று விடியலில் நானும் கரைவரை போனேன். என் மனைவி உச்சியில் குடையோடு நின்றாள். அவன் வெறுங்காலில் படகின் விளிம்பில் ஏறி, கோலை ஊன்றித் தள்ளினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு, படி வெட்டியிருக்கிற பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு நடந்தாள். மழை விடவில்லை. வெட்டின இடத்தில் கோரை மறுபடி விரல் உயரம் முளைத்திருந்தது.